கரண்ட் போன வீட்டிலிருந்து புதுப் பொருள் செய்வது

2022, 2023 வாக்கில் வீடியோ அழைப்பின் நடுவில் ஒருவர் முகம் அப்படியே உறைந்து நின்றால் டர்பனில் யாரும் பதற மாட்டார்கள். “அவங்க ஏரியாவுக்கு டைம் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டுக்குப் பெயர் லோட் ஷெடிங். அதற்கு அட்டவணை உண்டு, கட்டங்களும் உண்டு. முதல் கட்டம் என்றால் நாடு முழுவதும் சேர்த்து 1000 மெகாவாட் குறைப்பார்கள், இரண்டாம் கட்டம் என்றால் 2000, இப்படியே எட்டாம் கட்டம் வரை. 2007 கடைசியில் தொடங்கிய இந்தக் கதை 2022, 2023 ஆண்டுகளில் உச்சத்துக்குப் போனது. 2023 இல் பெரும்பாலான நாட்களில் ஏதாவது ஒரு கட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து எவ்வளவோ தேவலை. 2025 இல் சில நாட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த உச்ச காலத்தில்தான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன செயலி செய்தோம். டர்பனில் நானும் இன்னொருவரும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு அக்கா, மதுரையில் இரண்டு பேர். அலுவலகம் என்று ஒரு இடம் கிடையாது. மசாலாக் கடைக்காரர்கள் ஆர்டர் எழுதி வைத்துக்கொள்ள ஒரு செயலி, அதுதான் திட்டம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, காலமும் கெட்டுக் கிடக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வது எப்படி என்பதை இந்தத் துறைக்கே புதியவர்களுக்குச் சொல்வதென்றால் அந்த அனுபவத்தை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முதலில், ‘புதுப் பொருள் செய்வது’ என்றால் என்ன? செயலியாக இருக்கலாம், ஊறுகாய் பாட்டிலாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு மூட்டை ஊகங்கள். இதை இன்னார் வாங்குவார், இதற்காக வாங்குவார், இவ்வளவு கொடுப்பார், இப்படித்தான் பயன்படுத்துவார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அவற்றில் பாதி தப்பாக இருக்கும். எந்தப் பாதி என்று கண்டுபிடித்துக் கழித்துக்கொண்டே போவதுதான் உண்மையான வேலை. நிரல் எழுதுவதும் பாட்டிலில் அடைப்பதும் அதற்குப் பிறகு.

ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் இந்த ஊகங்கள் தானாக வெளியே வந்துவிடும். டீ குடிக்கும்போது ஒருவர் “கடைக்காரர் கார்டு மெஷினை இதோட இணைப்பார்தானே?” என்பார், இன்னொருவர் “அவர்கிட்ட கார்டு மெஷினே இல்லையேப்பா” என்பார். முடிந்தது. தொலைவில் இருக்கும்போது அந்தக் கேள்வி எழுவதே இல்லை. அது அவரவர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, மூன்று வாரம் கழித்து வேலை முடிந்த பிறகு வெளியே வரும். நல்ல காலத்தில் மூன்று வாரம் வீணானால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். பணம், நேரம், பொறுமை மூன்றும் குறைவாக இருக்கும் காலத்தில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

நாங்கள் செய்த முதல் தப்பு, நேரில் இருக்கும் குழு எப்படி வேலை செய்யுமோ அதையே வீடியோவில் செய்யப் பார்த்தது. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒன்று, முடிவெடுக்க வேண்டியது வந்தால் உடனே “எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க” என்று இன்னொன்று.

டர்பனுக்கும் மதுரைக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே பகல் 12:30. அங்கே மாலை 6:30க்கு மடிக்கணினியை மூடும்போது இங்கே பிற்பகல் 3. ஆக ஒருநாளில் எல்லோருக்கும் பொதுவாக ஆறு மணி நேரம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் தாராளம்தானே என்று நினைத்தோம்.

லோட் ஷெடிங்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு தொகுதியில் இருக்கும். எனக்குக் கரண்ட் இருக்கும்போது நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இருக்காது. ஒருமுறை போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம். கடுமையான கட்டங்களில் சில இடங்களில் ஒரே மூச்சில் நாலு மணி நேரம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, வேலை நேரத்தில் கால்வாசி ஒவ்வொருவருக்கும் இருட்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவர் இணைப்பில் இருக்க முக்கால் பங்கு வாய்ப்பு. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இணைப்பில் இருக்க? முக்காலை மூன்று முறை பெருக்கினால் 42 சதவீதம் வரும். அதாவது ஏதோ ஒரு நேரத்தில் கூட்டம் வைத்தால், பாதிக்கும் மேற்பட்ட தடவை யாராவது ஒருவர் இருக்க மாட்டார். ஐந்து பேருக்கும் இதே கதி என்றால் 24 சதவீதம்.

எல்லோரும் சேர்ந்தால்தான் வேலை நகரும் என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி நேரம் வேலை நகராது. எங்கள் கண்ணைத் திறந்தது இந்தக் கணக்குதான். அடிக்கடி ஒன்றுகூடுவதற்கு வழி தேடுவதை விட்டுவிட்டு, ஒன்றுகூடத் தேவையில்லாமல் ஆக்குவதற்கு வழி தேட ஆரம்பித்தோம். அவரவர் கையில் கரண்ட் இருக்கும் நேரத்தில் அவரவர் வேலையைச் செய்து, அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டுப் போவது. பேருந்து ஓட்டுநர் ஷிஃப்ட் மாற்றுவது மாதிரி, ஆனால் ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல்.

இது மின்வெட்டுக்கு மட்டும் பொருந்துவதில்லை. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் நான்கு கேபிள்கள் ஒரே நேரத்தில் சேதமாகின. மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரமாக வரும் வாக்ஸ், சாட்-3 இரண்டும் அதில் அடக்கம். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் செங்கடலில் சீகாம் உள்ளிட்ட கேபிள்கள் அறுந்திருந்தன. சீகாம் என்றால் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையில் மிட்டுன்சினியில் வந்து ஏறுவது. இரண்டு பக்கமும் அடி. வேறு கேபிள்கள் பாரத்தைத் தாங்கிக்கொண்டன என்றாலும், அன்று எங்கள் வீடியோவில் ஆளாளுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தோம். ஆனால் எழுதி வைத்த குறிப்பு போய்ச் சேர எத்தனை டேட்டா வேண்டும்? மெதுவாகவாவது போய்விட்டது. அன்று வேலை நிற்கவில்லை.

முடிவு ஏடு

அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு அடி வாங்கினோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகுதி வெறும் உபதேசமாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஆர்டரில் அளவைக் கிராமில் எழுத வைப்பதா, இந்த நாட்டுப் பணமான ரேண்டில் எழுத வைப்பதா என்று பேச்சு. இந்தியாவில் கால் கிலோ என்று கேட்போம். இங்கே பழைய வாடிக்கையாளர்கள் “20 ரேண்டுக்கு மஞ்சள் கொடுங்க” என்று கேட்பார்கள். நாலு பேர் பேசி, இரண்டையும் அனுமதிப்பது என்று முடிவெடுத்தோம். லெனேசியா அக்கா அன்று இருட்டில் இருந்தார். யாரும் எழுதி வைக்கவில்லை, “அப்புறம் அக்காகிட்ட சொல்லிடலாம்” என்று நாலு பேரும் நினைத்தோம். நாலு பேரும் நினைத்ததால் ஒருவரும் சொல்லவில்லை. அக்கா கிராமை மட்டும் வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் கட்டிவிட்டார். கட்டியது அழகாக வேறு இருந்தது.

“தம்பி, உங்க யார்மேலயும் கோபம் இல்ல. ஆனா நான் இல்லாதப்ப எடுத்த முடிவு எனக்கு எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பதில் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் முடிவு ஏடு. பெரிய மென்பொருள் எதுவும் இல்லை, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரே ஒரு ஆவணம். தொலைபேசியிலும் ஒரு பிரதி இருக்கும், இணைப்பு இல்லாமலே படிக்கலாம். ஒவ்வொரு முடிவுக்கும் நாலைந்து வரி: என்ன முடிவு, ஏன், எதை வேண்டாம் என்று விட்டோம், யார் எடுத்தது, எப்போது திரும்பப் பார்ப்போம். எதை விட்டோம், எப்போது திரும்பப் பார்ப்போம், இந்த இரண்டையும்தான் புதியவர்கள் எழுதாமல் விட்டுவிடுவார்கள். எதை விட்டோம் என்று எழுதவில்லை என்றால் இரண்டு வாரத்தில் அதே யோசனை புது யோசனை வேடம் போட்டுக்கொண்டு வரும், மறுபடி முதலிலிருந்து சண்டை. திரும்பப் பார்க்கும் தேதி இல்லை என்றால் தற்காலிக முடிவு ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

ஏட்டுக்கு ஒரு விதி வைத்தோம். ஏட்டில் இல்லாதது முடிவே இல்லை. கூட்டத்தில் எவ்வளவு உறுதியாகப் பேசியிருந்தாலும் சரி. முதல் மாதம் இது எரிச்சலாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுதும்போதுதான் நாம் சரியாக யோசிக்கவில்லை என்பதும் தெரிகிறது. அந்த எரிச்சலில் பாதி அதனால் வந்தது.

வேலையைப் பிரித்துக்கொடுப்பதிலும் இதே தர்க்கம். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்து, சோதித்து, வைத்துவிட்டுப் போகக்கூடிய அளவுக்குத் துண்டு போட்டோம். இரண்டு வெட்டுக்கு நடுவே கிடைக்கும் வெளிச்சம் சில நாட்களில் நாலு மணி நேரம், சில நாட்களில் ஆறு. பெரிய துண்டாக இருந்தால் பாதியில் கரண்ட் போகும், அந்தப் பாதி ஒருவர் கணினியில் கிடக்கும், அடுத்தவர் தொட முடியாது. சமையலில் காய் நறுக்கி மூடி வைத்துவிட்டால் யார் வந்தும் தாளிக்கலாம். பாதி வதங்கிய சட்டியை அடுத்தவர் தொடத் தயங்குவார். அப்படித்தான்.

அப்படியானால் நேரடிக் கூட்டமே வேண்டாமா? வேண்டும், வாரத்துக்கு ஒன்று. நிலவரம் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது, நிலவரத்தை எழுதிவிடலாம். கருத்து மோதல் இருக்கும் விஷயம், யாராவது சோர்ந்திருக்கிறாரோ என்ற சந்தேகம், இந்த இரண்டுக்கும்தான் குரல் தேவை. எழுத்தில் சண்டை போட்டால் ஒரு வாரம் ஓடும். குரலில் பத்து நிமிடத்தில் முடியும்.

எதைச் செய்யாமல் விடுவது

இது தொலைவைவிடக் கடினமான பகுதி. காலம் கெட்டிருக்கும்போது என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு நூறு பதில் வரும். எதை விட்டுவிடலாம் என்பதற்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் உதாரணம் 2020 இல் இந்த நாட்டில் நடந்தது. மார்ச் 26 நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. முதலில் 21 நாள் என்றார்கள், பிறகு நீண்டது. உலகம் முழுவதும் சுவாசக் கருவிக்கு அடிதடி, எல்லைகள் மூடியிருக்கின்றன, பணம் கொடுத்தாலும் கிடைக்காது. உள்நாட்டிலேயே செய்வது என்று அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? ரேடியோ வானியல் ஆய்வகத்திடம். கரூ பாலைநிலத்தில் 64 தட்டுகள் கொண்ட மீர்காட் தொலைநோக்கியைக் கட்டியவர்கள். விண்மீன் பார்க்கிறவர்களுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். பல இடங்களில் இருக்கும் பல குழுக்கள் ஆளுக்கொரு பகுதியைச் செய்து, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற வேலையை அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள். அதுதான் சம்பந்தம்.

அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் முழு வென்டிலேட்டரைச் செய்யப் போவதில்லை என்பது. நோயாளி தானாகவே மூச்சு விடுவார். முகமூடி வழியாக ஆக்சிஜன் கலந்த காற்றை ஒரே சீரான அழுத்தத்தில் கொடுத்து நுரையீரல் சுருங்காமல் பார்த்துக்கொள்ளும் சிபாப் என்ற எளிய கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்நாட்டில் கிடைக்கும் பாகங்களை வைத்துச் செய்யலாம், உள்ளூர்த் தொழிற்சாலைகளில் எண்ணிக்கையில் செய்யலாம். நாட்டின் அறிவியல் தொழில் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அப்படி ஒரு கருவியை வடிவமைத்தது. எல்லா நோயாளிக்கும் அது போதாது, அது தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். முழுக் கருவியைச் செய்யப் போயிருந்தால், வெளிநாட்டுப் பாகம் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எளிமை எங்கிருந்து வந்தது என்பது. “சின்னதாகத் தொடங்குவோம்” என்று எல்லா மேலாண்மைப் புத்தகமும் சொல்லும். எதைச் சின்னதாக்குவது என்று சொல்லாது. இங்கே அதை எல்லை மூடியதே சொல்லிவிட்டது. கையில் என்ன பாகம் இருக்கிறதோ, அதற்குள் அடங்குகிற பயனுள்ள பொருள் எது? நெருக்கடி அந்த வகையில் ஒரு நல்ல கத்தரிக்கோல்.

எங்கள் மசாலாக் கதைக்கு வருகிறேன். முதல் திட்டத்தில் என்னென்னவோ இருந்தது: பொருட்களின் படம், இணையவழிப் பணம், வீட்டுக்கு அனுப்பும் வசதி, தள்ளுபடிக் கூப்பன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு அங்கிளிடம் காட்டினோம். நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய அந்த வரிசையில் எப்போதோ. அவருக்குத் தமிழ் பேச வராது, சாமி பாட்டு மட்டும் வரும் (அவர் சொன்னதை நான்தான் தமிழில் தருகிறேன்). ஆனால் நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால் என்னை மட்டும் ‘தம்பி’ என்பார். படங்களைப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு தம்பி. ஆனா கரண்ட் இல்லாதப்ப இது என்ன பண்ணும்?” என்றார்.

நாங்கள் ஐந்து பேரும் தினமும் அதே இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வேலை நிற்காமல் இருக்க எவ்வளவோ யோசித்தோம். எங்கள் வாடிக்கையாளரும் அதே இருட்டில்தான் இருக்கிறார் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் வெட்டினோம். படம் போனது, பணம் போனது, கூப்பன் போனது. மிஞ்சியது ஒரே ஒரு விஷயம்: ஆர்டரை எழுது, இணைப்பு இல்லாவிட்டாலும் தொலைபேசியிலேயே இருக்கும், கரண்ட் வந்து இணைப்பு கிடைத்ததும் கடையின் இன்னொரு தொலைபேசிக்குத் தானாகப் போய்ச் சேரும். இரண்டு பேர் ஒரே ஆர்டரை இருட்டில் திருத்தினால் எது செல்லும் என்ற ஒரு கேள்விக்கே எங்கள் நேரத்தில் பாதி போனது. கடைசியில் இரண்டையும் காட்டிக் கடைக்காரரையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். புத்திசாலித்தனமான தீர்வு இல்லைதான். ஆனால் மதுரைத் தம்பி சொன்ன தானியங்கித் தீர்வு ஒருமுறை அரைக் கிலோ மிளகாய்த்தூளை ஐந்து கிலோ ஆக்கியது. டர்பன் மசாலாவின் காரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆபத்து புரியும். இங்கே சந்தையில் ‘மாமியார் மசாலா’ என்ற பெயரிலேயே ஒன்று விற்கும்.

கஷ்டமே பொருளான கதையும் இங்கே உண்டு. எஸ்கொம் சே புஷ் என்ற செயலி 2014 இல் வந்தது. உங்கள் பகுதிக்கு எப்போது வெட்டு என்று முன்கூட்டியே சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. எஸ்கொம் என்பது அரசு மின் நிறுவனம். செயலியின் பெயரில் ஒரு ஆப்பிரிக்கான்ஸ் கெட்ட வார்த்தைச் சிலேடை வேறு ஒளிந்திருக்கிறது, கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. மின்சாரத்தை அந்தச் செயலியைச் செய்தவர்களால் கொண்டுவர முடியாது. எப்போது போகும் என்று சொல்ல முடிந்தது. சாதத்தை அதற்குள் வடித்துவிடலாமே. அது போதுமானதாக இருந்தது. எங்கள் குழுவின் கூட்ட நேரத்தை முடிவு செய்ததும் அதுதான்.

தூரத்திலிருந்து வாடிக்கையாளரைக் கேட்பது

கடைக்குப் போய் நின்று பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஊரடங்கு, வெள்ளம், கலவரம் என்று ஏதாவது ஒன்று கதவை அடைத்துவிடும். 2021 ஜூலையில் டர்பனில் கடைகள் சூறையாடப்பட்டபோது ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை நின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல பகுதிகளில் நாள் கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த மாதிரி வாரங்களில் “எங்கள் செயலி எப்படி இருக்கிறது?” என்று ஒரு கடைக்காரரைக் கேட்பது அநாகரிகம். கேட்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள், அல்லது சும்மா இருங்கள்.

மற்ற நாட்களில் வாய்ஸ் நோட் நல்ல வழி. படிவம் அனுப்பினால் நிரப்ப மாட்டார்கள், நிரப்பினாலும் “நன்று” என்று எழுதுவார்கள். வாய்ஸ் நோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைப்பு தேவையில்லை, கல்லாவில் நின்றபடியே பேசலாம், பின்னணியில் கடைச் சத்தமும் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்தது. அங்கிள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா வந்து “போன தடவை வாங்கினதே கொடுங்க” என்றார். அடுத்த பதிப்பில் ‘போன தடவை மாதிரியே’ என்று ஒரு பொத்தான் வைத்தோம். செயலியில் அதிகம் அழுத்தப்பட்ட பொத்தான் அதுவாகத்தான் இருக்கும். எங்கள் ஐவரில் யாருக்கும் தோன்றாதது.

கேட்கும்போது எதிர்காலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். “இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?” என்றால் நம் ஆட்கள் மரியாதைக்கு “ஆமா, கண்டிப்பா” என்பார்கள். “நேற்று கரண்ட் போனப்ப ஆர்டரை எதில் எழுதினீங்க?” என்று கேட்டால் உண்மை வரும். அங்கிளின் பதில்: சிகரெட் அட்டையின் பின்பக்கம். நாங்கள் போட்டி போட வேண்டியது வேறு செயலியோடு இல்லை, அந்த அட்டையோடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு சார்ஜ் தேவையில்லை, தொலைந்தால் அழுவாரும் இல்லை.

செயலி இல்லாமல் கையில் பிடிக்கக்கூடிய பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரிகளை அனுப்பும்போது குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரே தொகுதியிலிருந்து அனுப்புங்கள், அதில் எண் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் ஒருவர் காரம் அதிகம் என்பார், இன்னொருவர் குறைவு என்பார், இருவர் கையிலும் வேறு வேறு பொடி இருக்கும்.

மேசைமேல் இருக்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மிகக் குறைந்த மின்சாரம் போதும். அவற்றுக்கென்றே விற்கும் சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கினால் ஒரு வெட்டைத் தாண்டிவிடலாம். குழுவுக்குப் பணம் ஒதுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால், விலை உயர்ந்த மென்பொருள் சந்தாவுக்கு முன்னால் ஆளுக்கொரு பேட்டரிப் பெட்டி வாங்கிக்கொடுங்கள். கைபேசி டேட்டாவை மட்டும் நம்பாதீர்கள். வெட்டு அடிக்கடி வந்தால் கோபுரத்து பேட்டரிகள் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும், சிக்னலும் போய்விடும். முழு வீட்டுக்கும் இன்வெர்ட்டர் வைக்கும் வசதி எல்லோருக்கும் இருக்காது. குழுவில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லையென்றால், இருப்பவர்தான் எப்போதும் இணைப்பில் இருப்பார், முடிவெல்லாம் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்துவிடும். எங்களிடம் அந்த ஆள் நான்தான். மூன்று மாதம் எனக்கே தெரியவில்லை. முடிவு ஏட்டில் ‘யார் எடுத்தது’ என்ற வரியில் என் பெயரே திரும்பத் திரும்ப வந்ததை லெனேசியா அக்கா எண்ணிக் காட்டினார்.

அதற்குப் பிறகு, முக்கியமான முடிவென்றால் ஏட்டில் போட்டு ஒரு முழு நாள் காத்திருப்பது என்று வைத்தோம். 24 மணி நேரத்தில் எல்லோருக்கும் எப்போதாவது கரண்ட் வந்துதானே ஆக வேண்டும். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் முடிவு செல்லும். வேகம் குறைந்ததா என்றால், ஒவ்வொரு முடிவும் தாமதமானது உண்மை. கட்டியதை இடிக்கும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது.

வெளியிடும் நாள்

எங்கள் முதல் பதிப்பு வெளியானது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வெளியிட்டால் சனிக்கிழமை கடைக்கூட்டத்தில் ஏதாவது உடையும், அதைச் சரிசெய்ய யாரும் இருக்க மாட்டார்கள் என்பது பொது அறிவு. அதோடு அட்டவணையைப் பார்த்து, வெளியிட்ட பிறகு குறைந்தது இரண்டு பேருக்கு நாலு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுத்தோம். மூன்று கடைகளுக்கு மட்டும் கொடுத்தோம். மூன்றே கடை என்றால் ஏதாவது தப்பானால் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம். முந்நூறு கடை என்றால் மன்னிப்பு அறிவிப்பாகிவிடும்.

அன்று மாலை சாட்ஸ்வொர்த்தில் வெட்டு. ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் வந்தது. அடுத்த சில நிமிடங்களில், இருட்டில் எழுதிய பதினொரு ஆர்டர்கள் வரிசையாக அங்கிளின் இரண்டாவது தொலைபேசியில் வந்து விழுந்தன. மதுரையில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, தம்பி இருவரும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அங்கிளிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. பாராட்டு வரும் என்று ஐந்து பேரும் ஆளுக்கொரு ஊரில் காதில் வைத்துக் கேட்டோம்.

“தம்பி, எல்லாம் வந்திருச்சு. ஆனா எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கண்ணாடி போட்டும் தெரியல.”

ஐந்து பேரில் யாருக்கும் நாற்பது வயது தாண்டியிருக்கவில்லை. ஏட்டைத் திறந்து அடுத்த வரியை எழுதினோம்.